சாப்பிட்ட பிறகு சொல்லுவம்

சிவானந்தத்துக்கு யாரும் சும்மா ஓர் இடம் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. பஸ்ஸிலும் சரி, கல்யாண மண்டபத்திலும் சரி, கோயில் அன்னதானப் பந்தியிலும் சரி, சண்டை பிடித்துத்தான் உட்காருவார். வாய் அப்படி. கனடாவில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவரோடு ஒரு தடவையாவது கொழுவாத தமிழர் யாரும் இருந்தால், அவர் போன கிழமைதான் மொன்றியலில் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும்.

ஆகவே, திமிங்கிலம் பார்க்கப் போகிற பஸ்ஸில் விமலநாதன் தானாக எழும்பி, "சிவமண்ணை, நீங்கள் யன்னல் பக்கம் இருங்கோ" என்று சொன்னபோது அவருக்கு நெஞ்சு திக்கென்றது. விடிய முன் பஸ் புறப்பட்ட நேரத்தில் இதே யன்னலுக்காக இரண்டு பேரும் நித்திரையில் கிடந்த சனமெல்லாம் எழும்பும்படி கத்தியிருந்தார்கள். விமலநாதன் வென்றிருந்தார். வென்ற மனிதன் வழியில் கோப்பி குடிக்க இறங்கினார், ஏறினார், யன்னலை விட்டுக்கொடுக்கிறார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று சிவானந்தத்துக்குத் தெரியாதா?

"ஏன், அந்தப் பக்கம் வெயில் அடிக்குதோ?" என்று கேட்டபடி யன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

"இல்லையண்ணை. நீங்கள் வடிவாப் பாருங்கோ."

இந்த மரியாதைதான் அவரை உலுப்பியது. விமலநாதன் அவரோடு முகம் கொடுத்துப் பேசி எத்தனையோ வருடமாகிறது. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

இரண்டு பேரும் ஒரு காலத்தில் சபனெல் தெருவில் ஒரே உடுப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். விமலநாதன் துணி வெட்டுவார். சிவானந்தம் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நின்றார்; இளமை முழுவதும் அந்தப் புகைக்குள்தான் போனது. ஊரில் சண்டை நடந்த காலம். சாவுச் செய்திகள் தொழிற்சாலைக் கந்தோருக்குத்தான் தொலைபேசியில் வரும். அதைக் கொண்டுபோய் உரியவனிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. சொல்லப் போனவனே முதலில் அழுதுவிடுவான். கடைசியில் அந்த வேலை சிவானந்தத்தின் தலையில் விழுந்தது. கல் நெஞ்சுக்காரன், அழமாட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பட்டினி வயிற்றில் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. கேட்டால் மனிதன் அதற்குப் பிறகு நாள் முழுக்கச் சாப்பிடமாட்டான், மயங்கி விழுவான். முதலில் அவனைச் சாப்பிட வைக்க வேண்டும், பிறகுதான் சொல்ல வேண்டும். இது ஊர் வழக்கம்தான். ஆனால் சிவானந்தம் அதைச் சட்டம் போலப் பிடித்தார். விமலநாதனின் தாய் செத்த செய்தி வந்த அன்று, அவரை மதியச் சாப்பாட்டு மேசையில் பிடித்து இருத்தி, தன்னுடைய சோற்றிலும் பாதியைப் போட்டு, பகிடி விட்டுச் சிரிக்க வைத்து, வயிறு நிறைந்த பிறகு சொன்னார். விமலநாதன் அதை மன்னிக்கவேயில்லை. அம்மா பிணமாகக் கிடக்க என்னைச் சிரிக்க வைத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இப்போது அதே விமலநாதன், யன்னல் பக்கம் இருங்கோ என்கிறார்.

பயணத்தை ஒழுங்கு செய்தவர் றொபின்சன். மட்டக்களப்பார். பள்ளிக்கூட நாட்களில் மஞ்சள் பஸ் ஓட்டுகிறவர், கோடை வந்தால் ஒரு பெரிய பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துத் தமிழ்ச் சனத்தை ஏற்றிக்கொண்டு கியூபெக்கின் வடகரைக்குப் போவார். சென் லோரன்ஸ் ஆற்றோரமாகவே போய், ஆறு கடலாகிற இடத்தில் படகு ஏறி, திமிங்கிலம் பார்த்து, ஒரே நாளில் திரும்ப வேண்டும். முன்னால் மைக்கோடு நிற்பது அவர். சாப்பாடு அவருடைய மனைவி அக்னெஸின் பொறுப்பு. திமிங்கிலம் ஏமாற்றினாலும் அக்னெஸின் சமையல் ஏமாற்றாது என்று சனம் நம்பி ஏறும்.

சிவானந்தம் ஏறியதற்குக் காரணம் வேறு. நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிகிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பிறகு ஊசி போட்டுச் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மறுமொழி அந்தக் கிழமைக்குள் வரும், கர்க்லாண்டில் இருக்கிற மகள் தக்ஷினியின் தொலைபேசிக்கு வரும். ஆசுப்பத்திரிக்காரர் பிரெஞ்சில் படபடவென்று பேசுவதை அவரால் பிடிக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. மனிசி கண்மூடிய பிறகு தனியாக இருக்கிறவர், வீட்டுக்குள் அடைபட்ட கோழி மாதிரி நடந்து திரிவதைப் பார்த்துச் சகிக்காமல், தக்ஷினிதான் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

பயமாக இருக்கிறது என்று மகளிடம் அவர் சொல்லவில்லை. ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னார். திருகோணமலையில் இருக்கிற அக்கா ஞானாம்பிகையிடம். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் வாட்ஸப்பில் பேசுவார்கள். அவரைத் திட்டுவதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே பிறவி அக்காதான்.

"திமிங்கிலம் பார்க்கவோ?" என்று போன ஞாயிறு அவள் சிரித்தாள். "எங்கட கடலிலயே அது ஓடித் திரியுது. இஞ்ச இருக்கேக்க ஒருநாள் எட்டிப் பார்த்தனியோ? இப்ப கனடாவில போய்ப் பார்க்கப் போறார் துரை."

பிறகு குரலை இறக்கி, "பயப்பிடாதை தம்பி. ஒண்டும் இராது. கோணேசருக்கு நேத்தி வைச்சிருக்கிறன். ஆனால் மறுமொழி என்னெண்டாலும் முதல் எனக்குத்தான் சொல்லோணும், விளங்குதோ?" என்றாள்.

யன்னலுக்கு வெளியே வயல்கள் ஓடின. சிவானந்தம் அவற்றைப் பார்க்கவில்லை. கோப்பிக்கடையில் பஸ் நின்றபோது நடந்ததை யோசித்துக்கொண்டிருந்தார். றொபின்சனுக்கு ஒரு தொலைபேசி வந்தது. தூரமாகப் போய் நின்று பேசினார். திரும்பி வந்தபோது சிவானந்தத்தைப் பார்த்தார், பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அக்னெஸின் காதில் ஏதோ சொன்னார். அக்னெஸிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். பஸ் மறுபடி புறப்பட முன்னமே எல்லோருடைய முகமும் மாறிவிட்டது.

அக்னெஸ் இடியப்பமும் சம்பலும் சொதியும் கொண்டுவந்தாள். வழமையாக முன் வரிசையில் தொடங்கிப் பின்னால் வருகிறவள், இன்று நேரே அவரிடம் வந்தாள்.

"அண்ணே, முதல்ல நீங்க சாப்பிடுங்க."

"பசிக்கேல்லை."

"அப்பிடிச் சொல்லாதீங்க. ரெண்டு இடியப்பமாவது சாப்பிடுங்க. உங்கட போனையும் தாங்க, முன்னுக்குச் சார்ஜில போட்டு விடுறன்."

யோசிக்க முன் கையிலிருந்த தொலைபேசி போய்விட்டது. பிறகுதான், நான் சார்ஜ் இல்லை என்று சொன்னேனா என்று அவருக்கு உறைத்தது. எழும்பி அவளுக்குப் பின்னால் போனார். ஓட்டுநருக்குப் பின்னால் புருசனும் பெண்சாதியும் முதுகைக் காட்டியபடி குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தக்ஷினி பாவம், போன்ல ஒரே அழுகை. சாப்பிட மாட்டேங்கிறாரே, என்ன செய்யிற?" என்றாள் அக்னெஸ்.

"சாப்பிடட்டும். சாப்பிட்ட பிறகு சொல்லுவம்" என்றார் றொபின்சன்.

சிவானந்தம் சத்தமில்லாமல் வந்து தன் இடத்தில் இருந்தார். தக்ஷினி அழுதிருக்கிறாள். மறுமொழி நேற்று வெள்ளிக்கிழமையே வந்திருக்கும். பிள்ளை இரவு முழுக்க மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கும். நிழல் நிழல் இல்லை, அந்த வருத்தம்தான், ஆளைக் கொல்லுகிற அந்த நோய்தான். பெயர் சொல்லக்கூட அவருக்கு நாக்கு எழவில்லை. விமலநாதன் யன்னலை விட்டதும் அதனால்தான். சாகப்போகிறவனோடு யார் கொழுவுவார்கள்? ஆடு நனையுதென்று ஓநாய் அழுகிறது என்று ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணம் அதுவும் போய்விட்டது. பயம்தான் மிஞ்சியது.

ஆனால் சிவானந்தம் அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். எத்தனை பேரைச் சாப்பிட வைத்துச் செய்தி சொன்னவர்! தன்னுடைய சட்டம் அவருக்குத் தெரியும்: ஆள் சாப்பிடாதவரைக்கும் சொல்ல முடியாது. அப்படியென்றால் சாப்பிடாமல் இருந்தால் போயிற்று. குறைந்தது திமிங்கிலத்தைப் பார்க்கும் வரைக்கும். நல்ல நுரையீரல் உள்ள மனிதனாகவே ஒரு திமிங்கிலத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு என்னவென்றாலும் சொல்லட்டும்.

கியூபெக் நகரம் தாண்டியதும் மலைகள் வந்தன. பாதை ஏறுவதும் இறங்குவதுமாகப் போனது; இறக்கத்தின் அடியில் ஒவ்வொரு தடவையும் ஆறு முன்பைவிட அகலமாகக் கிடந்தது. "இனி இது ஆறில்ல, பாருங்க" என்று றொபின்சன் மைக்கில் சொன்னார். "இந்தப் பக்கத்துச் சனம் இதைக் கடல் எண்டுதான் சொல்லுற. தண்ணியும் உப்புத்தான்." அவருடைய குரலில் வழமையான துள்ளல் இல்லை. பகிடிகளை விட்டுவிட்டார். பஸ்ஸில் பாட்டுப் போடவில்லை என்பதையும் சிவானந்தம் கவனித்தார். எனக்காகப் பாட்டை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தார். இவ்வளவு நல்ல சனமா இது? இது தெரியாமல் இத்தனை வருடம் கத்தித் திரிந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

படகுத் துறையில் குளிர்காற்று அடித்தது. ஆடி மாதத்தில் எல்லோரும் குளிர்ச் சட்டையைத் தேடினார்கள். அக்னெஸ் மதியச் சோற்றுப் பார்சல்களைப் பிரித்தாள். மற்றவர்களுக்கெல்லாம் மீன் குழம்பு. சிவானந்தத்தின் பார்சலில் பருப்பும் கத்தரிக்காயும் மட்டும்.

"எனக்கு மீன் எங்க?"

"முடிஞ்சிட்டண்ணே" என்றாள் அவள். பக்கத்திலிருந்த பாத்திரத்தில் மீன் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன.

ஓஹோ, பத்தியம் வரைக்கும் வந்துவிட்டதா என்று அவர் நினைத்தார். வருத்தக்காரனுக்கு மச்சம் ஆகாதாம். பார்சலை மூடித் திருப்பிக் கொடுத்தார். தேத்தண்ணி மட்டும் வாங்கிக் குடித்தார். தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் வராது. அக்னெஸ் கண்கலங்கினாள். றொபின்சன் கையைப் பிசைந்தார். விமலநாதன் தன்னுடைய பார்சலையும் மூடி வைத்துவிட்டார். அதையும் சிவானந்தம் பார்த்தார்.

பெரிய ஆற்றில் வந்து விழுகிற சாகனே ஆற்றின் வாயைத் தாண்டிப் படகு வெளியே வந்தது. இரண்டு பக்கமும் கரும்பாறை, அதன் மேல் ஊசியிலை மரங்கள், மரங்களுக்கு மேல் பனிமூட்டம். படகில் நின்ற வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில், "பத்து மணிக்கு! பத்து மணிக்கு!" என்று கத்தினாள். தமிழ்ச் சனம் முழுவதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. மணி இரண்டு தாண்டிவிட்டதே என்று ஒருவர் கவலைப்பட்டார். படகின் மூக்கு பன்னிரண்டு என்றால் பத்து எந்தப் பக்கம் என்று றொபின்சன் விளங்கப்படுத்தி முடிக்கிறதற்குள் திமிங்கிலம் தண்ணீருக்குள் தாழ்ந்துவிட்டது.

அடுத்தது யாரும் கத்த முன் வந்தது. சிவானந்தம் நின்ற பக்கத்திலேயே, கூப்பிடு தூரம்கூட இல்லை. முதலில் ஒரு சத்தம், அவர் அறிந்த சத்தம்: நீராவி இஸ்திரிப் பெட்டியின் மூடி திறக்கிற மாதிரி, ஆனால் அதைவிட நூறு மடங்கு. வெள்ளையாய் ஆவி எழும்பியது. பிறகு முதுகு. அது வந்துகொண்டேயிருந்தது, முடிந்தது என்று நினைக்க இன்னும் வந்தது, கடைசியில் ஒரு சின்னச் செட்டை தெரிந்தது, தண்ணீர் மூடிக்கொண்டது. காற்று அந்த மூச்சைப் படகுக்கு மேல் கொண்டுவந்து போட்டது. தாங்க முடியாத நாற்றம். அழுகிய மீன் வாடை. சனம் மூக்கைப் பொத்தியது.

சிவானந்தம் பொத்தவில்லை. இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அக்கா, அது நாறுதக்கா, வெளிநாட்டுத் திமிங்கிலமெண்டாலும் நாறத்தான் செய்யுது. அவள் எப்படிச் சிரிப்பாள் என்று தெரியும். நாளை ஞாயிறு. முதலில் திமிங்கிலத்தைச் சொல்வது, விமலநாதன் யன்னல் விட்டதைச் சொல்வது, மீனில்லாத பார்சலைச் சொல்வது, அவள் சிரித்து ஓய்ந்த பிறகு வருத்தத்தைச் சொல்வது. முதல் எனக்குத்தான் சொல்லோணும் என்று கேட்டவள். அவளும் சாப்பிட்டுவிட்டாளா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் பின்னேர வெயிலில் பஸ் ஒரு பூங்காவில் நின்றது. ஆற்றைப் பார்த்தபடி மரமேசைகள். சிவானந்தம் தானாகவே ஒரு மேசையில் போய் இருந்தார்.

"அக்னெஸ், சாப்பாட்டைக் கொண்டு வாங்கோ. பசிக்குது."

பஸ்ஸே அவரைத் திரும்பிப் பார்த்தது. அக்னெஸ் ஓடிப்போய்ப் பார்சலைக் கொண்டுவந்தாள். அவர் ஆறுதலாகச் சாப்பிட்டார். பருப்பைப் பிசைந்து, கத்தரிக்காயைத் தொட்டு, பொரிச்ச மிளகாயைக் கடித்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கி, கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்தார். தண்ணீர்ப் போத்தலைச் சரித்துக் கை கழுவினார். கைலேஞ்சியால் துடைத்தார். நிமிர்ந்து இருந்தார்.

"சாப்பிட்டாச்சு. இனிச் சொல்லுங்கோ."

றொபின்சன் அக்னெஸைப் பார்த்தார். அக்னெஸ் நிலத்தைப் பார்த்தாள். பிறகு தக்ஷினி மறுபடி தொலைபேசி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கோ, நான் பக்கத்தில் இருந்து சொல்லுறன் என்று கேட்டிருந்தாள். ஆனால் இந்த மனிதரிடம் இனி எப்படி மறைப்பது? விமலநாதன் வந்து எதிரே இருந்தார்.

"நான் சொல்லுறன்" என்றார். "சிவமண்ணை, திருகோணமலையில உங்கட ஞானாம்பிகை அக்கா தவறிட்டா. அங்க மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவவாம், எழும்பேல்லை. காலையில கோப்பிக்கடையில நிக்கேக்கதான் செய்தி வந்தது."

சிவானந்தம் அவரையே பார்த்தார்.

"அக்காவோ?"

"ஓமண்ணை."

"அப்ப எனக்கில்லையோ?"

யாருக்கும் விளங்கவில்லை. அவர் நெஞ்சில் கையை வைத்து, "என்ர சோதனை மறுமொழி..." என்றார்.

"அது இன்னும் வரேல்லையாம் அண்ணை. தக்ஷினி அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

காலையிலிருந்து நெஞ்சை நெரித்துக்கொண்டிருந்த பிடி சட்டென்று விட்டது. சிவானந்தம் ஒரு மூச்சு இழுத்தார். நல்ல மூச்சு. உடம்பு முழுக்க இலேசாகியது. ஆறு வடிவாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சோறு கிடைத்தால் சாப்பிடலாம் போலக்கூட இருந்தது. அந்த மூச்சை வெளியே விடும்போதுதான் அக்கா செத்துப்போனாள் என்பது அவருக்கு ஏறியது.

வாய் கோணியது. கல் நெஞ்சுக்காரன் என்று பெயரெடுத்த மனிதன் மேசையில் நெற்றியை வைத்து அழுதார். அக்னெஸ் முதுகைத் தடவினாள். சனம் மெல்ல விலகி ஆற்றுப் பக்கம் போனது. விமலநாதன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"நான் சந்தோசப்பட்டிட்டன் விமலநாதன்" என்றார் சிவானந்தம், முகத்தைத் தூக்காமல். "அக்கா செத்துப் போனா எண்டு கேட்டிட்டு, எனக்கில்லையெண்டு சந்தோசப்பட்டிட்டன். நான் மனிசனோ?"

விமலநாதன் ஆற்றைப் பார்த்தார்.

"அண்டைக்கு நீங்கள் போட்ட சோறு நல்ல ருசியண்ணை" என்றார் பிறகு. "அம்மா செத்துக் கிடக்கிறா, நான் விழுந்து விழுந்து சிரிச்சுச் சாப்பிட்டனான். உங்களில கோவமெண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லித் திரிஞ்சனான். என்னிலதான் கோவம்."

றொபின்சன் தொலைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தார். சார்ஜ் நிறைந்திருந்தது. சிவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் திறந்தார். யோசித்துச் செய்தது அல்ல. விரல் பழக்கத்தில் மேலே இருந்த பெயரை அழுத்திவிட்டது. அக்கா. அழைப்பு போனது. வெட்டலாமா என்று நினைக்கிறதற்குள் அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். அங்கே விடியாத சாமம்; செத்த வீட்டின் இரைச்சல் கேட்டது: ஒப்பாரி, கதிரைகள் இழுபடும் சத்தம், யாரோ தேத்தண்ணிக்குக் கூப்பிடும் குரல். பிறகு அக்காவின் மகன் கஜீவனின் குரல்.

"மாமா?"

"ஓம்."

கஜீவன் அழுகையை அடக்குவது கேட்டது. மாமாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவனுக்கு நிச்சயமில்லை. தாயிடம் பழகிய பிள்ளை, கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"மாமா, நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?"

சிவானந்தம் மேசையில் கிடந்த வெறும் பார்சல் தாளைப் பார்த்தார்.

"ஓமடா ராசா" என்றார். "சாப்பிட்டிட்டன்."